நள்ளிரவில் குழாய்த் தண்ணீர் மெலிவது ஏன்?

இரவு வேலை முடித்து ஒரு மணி, இரண்டு மணிக்கு வீடு திரும்பும் எம்மவர் பலருக்கு இங்கிலாந்தில் ஒரு முறைப்பாடு உண்டு. பகலில் நன்றாகப் பாயும் தண்ணீர் அந்நேரம் நூலாக வடிகிறது. குளிக்கப் போனால் சுடுதண்ணீர் பொயிலர் பற்ற மறுக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் குழாயில் அடைப்பு என்பார். திருத்த வந்தவர் பொயிலரை மாற்று என்பார். சிலவேளை காரணம் இரண்டுமல்ல, தெருவுக்கு அடியிலுள்ள ஒரு வால்வு.

துலாவால் அள்ளிக் குளித்த எமக்கு நீரமுக்கம் என்பதே புதுக்கணக்கு. நிலத்தடிக் குழாய்களில் எங்கும் சிறு வெடிப்புகள் உண்டு. அமுக்கத்தைப் பத்து வீதம் குறைத்தால் கசிவும் ஏறத்தாழப் பத்து வீதம் குறையும். 1994-95 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் நாளொன்றுக்கு 500 கோடி லீற்றருக்கு மேல் கசிந்தது. 1995 வரட்சியில் யோர்க்சயருக்கு லொறிகளில் தண்ணீர் ஏற்றினார்கள். 1997 இல் அரசாங்கம் நீர் மகாநாடு கூட்டியது. அதன்பின் ஒவ்வொரு கம்பனிக்கும் கசிவுக்கு எல்லை விதிக்கப்பட்டது. இன்று கசிவு ஏறத்தாழ 300 கோடி லீற்றர். இந்தக் குறைவில் அமுக்கம் குறைக்கும் வால்வுக்கும் பங்குண்டு.

அதன் வேலை எளிது. வால்வின் மேலறையில் ஒரு றப்பர்த் தகடு. பக்கத்தில் வில்சுருள் பூட்டிய சிறு வால்வு ஒன்று, வெளியேறும் நீரின் அமுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அமுக்கம் ஏறினால் சிறுவால்வு ஒடுங்கும். மேலறையில் நீர் நிரம்பித் தகட்டை அழுத்தும். பெரிய வழி சுருங்கும். அமுக்கம் இறங்கினால் எல்லாம் மறுதலையாக நடக்கும். மின்சாரமே தேவையில்லை.

சிக்கல் இரவில்தான். பகலில் எல்லோரும் நீர் எடுக்கும்போது உராய்வால் அமுக்கம் வழியிலேயே கரைகிறது. ஊர் தூங்கியதும் ஓட்டம் குறைந்து, கடைசி வீட்டிலும் அமுக்கம் ஏறுகிறது. யாருக்கும் வேண்டாத நேரத்தில் வெடிப்புகளுக்கு வேட்டை! ஆகவே சில இடங்களில் மணிக்கூடு பூட்டி, குறித்த நேரத்தில் அமுக்கத்தை இறக்குகிறார்கள். மலிவான வழி, ஆனால் மணிக்கூட்டுக்குத் தீப்பிடித்த வீடும் தெரியாது, இரவு வேலைக்காரரும் தெரியாது. ஓட்டத்தை அளந்து, நீர் அதிகம் எடுக்கப்படும்போது தானே அமுக்கத்தை ஏற்றும் முறை இதைவிட நல்லது. இன்னும் நல்லது, பகுதியின் மிக உயரமான அல்லது மிகத் தூரமான இடத்தில் அளவுமானி வைத்து, அங்குள்ள அமுக்கத்தைப் பார்த்தே வால்வை நடத்துவது. எதுவானாலும் வால்வு பதற்றமாகத் திறந்து மூடக்கூடாது. அந்த அதிர்வே பழங்குழாயை உடைத்துவிடும்.

அந்த உயரமான, தூரமான இடம் யாருடைய வீடு என்பதே எமது கேள்வி. மேற்கூரை அறைகளில் வாடகைக்கு இருப்போர் எம்மில் எத்தனை பேர்? சட்டம் கேட்பது தெருக்குழாயிலிருந்து உங்கள் பக்கம் வரும் இணைப்பில் 7 மீற்றர் உயரத்துக்கான அமுக்கம் மட்டுமே. அது இரண்டாம் தட்டுக்கே இழுபறி. தொடர்மாடிகளில் மேலே ஏற்றும் பம்பு கட்டடச் சொந்தக்காரரின் பொறுப்பு.

முதலில் சமையலறைத் தொட்டியின் கீழுள்ள நிறுத்துதிருகு முழுதாகத் திறந்திருக்கிறதா எனப் பாருங்கள். பின்பு கீழ்த்தட்டுக் குளிர்நீர்க் குழாயில் நாலரை லீற்றர் வாளியொன்றை வையுங்கள். முப்பது விநாடிக்குள் நிரம்பவேண்டும். நிரம்பாவிட்டால் திகதியையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். கம்பனிக்கு அறிவிக்கும்போது, பகலில் ஆள் அனுப்பிப் பார்ப்பது போதாது, இரவு முழுதும் அமுக்கத்தைப் பதியும் கருவி பூட்டவேண்டும் என்று கேளுங்கள். ஆங்கிலம் தடக்கினால் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கடிதம் எழுதுவியுங்கள்.