கை மாறும் நேரம்
வைஃபை அழைப்பில் பேசியபடி மாடிப்படி ஏறுகிறவரின் குரல் அறுபடுவது, ஃபோன் ஒரு ரூட்டரை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் நேரத்தில்தான். செல்பேசி வலையில் தாவச் சொல்வது வலையமைப்பு. வைஃபையில் முடிவு ஃபோனுடையது. அதுவோ தேய்ந்துபோன பழைய சிக்னலையே கட்டிக்கொண்டு அழும், பிறகு விழித்துக்கொண்டு ஒவ்வொரு சேனலாகத் தேடும். குரல் பெரும்பாலும் 20 மில்லி நொடிக்கு ஒரு தரவுப் பொட்டலமாகப் போகிறது; தேடல் சில நூறு மில்லி நொடி நீண்டால் ஒரு சொல்லே காணாமல் போகும். 2008இல் வந்த 802.11ஆர் தரம் சுருக்கியது புதிய ரூட்டரில் நடக்கும் மறு அடையாளச் சோதனையைத்தான், தேடலை அல்ல. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் எஸ்மெஷ் என்ற அமைப்பு வேறு வழி பிடித்தது: பல ரூட்டர்கள் பின்னிய வலையான மெஷ் முழுவதும் ஒரே ரூட்டர் என்று கருவியை நம்பவைத்தது. கை மாறும் வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட ரூட்டர்கள் அதே பொட்டலத்தை அனுப்பின. அலைவரிசைக்குக் கொஞ்சம் வீண்செலவுதான். ஆனால் கருவியில் தனி மென்பொருள் எதுவும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.