கிரகணத்தன்று பள்ளிக்கூடத்தைப் பூட்டுவதா?

வருகிற 2027-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி திங்கட்கிழமையன்று சூரிய கிரகணம் வருகிறது. எகிப்து, அரேபியா முதலிய தேசங்களில் அது முழுக் கிரகணம். நமது கன்னியாகுமரி ஜில்லாவில் பகுதிக் கிரகணமாக, சாயங்கால வேளையில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தையொட்டித் தெரியும். இதைப்பற்றி இப்பொழுதே எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். பஞ்சாங்கக்காரர்கள் வெகு நாளைக்கு முன்னமேயே கணக்குப் போட்டு அச்சடித்து விற்கும்போது, பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் மாத்திரம் கடைசி நாள் வரையில் ஏன் காத்திருக்கவேண்டும் என்று நாம் திருப்பிக் கேட்கின்றோம்.

மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் வாசிக்கின்ற பிள்ளைகளை எழுப்பிக் கேட்டுப் பாருங்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது, சந்திரன் பூமியைச் சுற்றுகிறது என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும். அதே பிள்ளை கிரகணத்தன்று வீட்டுக்குப் போனால் என்ன நடக்கின்றது? கதவு சாத்தப்படுகிறது. அடுப்பு அணைக்கப்படுகிறது. சோற்றுப்பானையில் தர்ப்பைப் புல் போடப்படுகிறது. தாயார் கர்ப்பிணியாயிருந்தால் அவளை இருட்டறையில் உட்கார்த்தி, நகத்தைக்கூட வெட்டாதே என்கிறார்கள். ஏன் என்று பிள்ளை கேட்டால் பாம்பு சூரியனை விழுங்குகிறது என்று பதில் வருகிறது. பரீட்சைக்கு ஒரு சூரியன், வீட்டுக்கு வேறு சூரியன் என்று அந்தப் பிள்ளை தெரிந்து கொள்ளுமானால், அது கற்ற கல்விக்கு என்ன மதிப்பு? பாம்பின் பேரையே ஊர்ப்பேராக வைத்துக்கொண்டிருக்கும் நாகர்கோவிலிலாவது பாம்பை ஊரோடு நிறுத்தி, வானத்துக்கு அனுப்பாமல் இருக்கக் கூடாதா?

இது வெறும் கேலிக்குரிய விஷயமல்ல. 2019-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கிரகணத்தின்போது, கர்நாடகத்தில் கலபுரகிக்கு அருகில் தாஜ்சுல்தான்பூர் என்ற கிராமத்தில், அங்கஹீனமான குழந்தைகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து வைத்தார்கள். அப்படிச் செய்தால் கை கால் சரியாகிவிடுமாம்! 2022-ல் ஒரிசா அரசாங்கமே கிரகணத்துக்காகப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆபீசுகளுக்கும் விடுமுறை விட்டது. பிள்ளைகள் எந்த நாளில் அவசியம் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டுமோ, அந்த நாளிலேயே பள்ளிக்கூடத்தைப் பூட்டினால் அந்த அரசாங்கத்தை என்னவென்று சொல்லுவது? நம் நாட்டில் அப்படி ஒன்றும் நடக்காது என்று இறுமாந்திருக்க நமக்கு யோக்கியதை உண்டா என்பதை 2027-ல் பார்க்கத்தானே போகிறோம்.

நமது ஜில்லாவின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2010-ஆம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி மத்தியான வேளையில் கன்னியாகுமரியில் சூரியன் சுமார் 10 நிமிஷ நேரம் நெருப்பு வளையமாக நின்றது. உலகத்தின் பல பாகங்களிலிருந்து மனிதர்கள் பணம் செலவு செய்து தேடிப் போகிற காட்சி அது. நம் பிள்ளைகளுக்கோ அன்று பொங்கல் விடுமுறை. 2019-ல் அரைப்பரீட்சை விடுமுறை. 2020 ஜூன் மாதக் கிரகணத்தின்போது கொரோனாவினால் பள்ளிக்கூடமே இல்லை. தென்னிந்தியாவின் வழியாக மறுபடியும் வளையக் கிரகணம் வருவது 2031 மே 21-ந் தேதியில். அது கோடை விடுமுறைக் காலம். திங்கட்கிழமையும் அதுவுமாக, பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் வருகிறது இந்த 2027 கிரகணம். இதையும் நழுவ விடுவதா?

நிற்க, கிரகணத்தைக் கண்டு பயந்தவர்களுக்குக் கிடைத்தது ஸ்நானமும் தட்சணைச் செலவுமே. பார்த்தவர்களுக்கோ? 1868 ஆகஸ்டு 18-ந் தேதி முழுக் கிரகணத்தை ஜான்சன் என்கின்ற பிரெஞ்சுக்காரர் குண்டூரில் வந்திருந்து ஆராய்ந்தார். அந்தக் கிரகணத்தையொட்டி நடந்த ஆராய்ச்சியிலிருந்துதான் ஹீலியம் என்ற வாயு சூரியனில் இருப்பது தெரிய வந்தது. பூமியில் அது 1895-ல்தான் அகப்பட்டது. இன்று பலூனில் அடைப்பது அந்த வாயுவைத்தான். நாஞ்சில் நாடு திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், 1837-லேயே, மகாராஜா திருவனந்தபுரத்தில் வான ஆராய்ச்சிக்கூடம் கட்டி வெள்ளைக்கார நிபுணரை வைத்துச் சம்பளம் கொடுத்தார். அரண்மனைக்குத் தூரதிருஷ்டிக் கண்ணாடி, குடிகளுக்குக் கிரகண ஸ்நானம்! கிரகணம் நிழலினால் உண்டாவது என்று ஆரியபட்டர் 1,500 வருஷங்களுக்கு முன்பே எழுதி வைத்தார். பஞ்சாங்கக்காரர் நிமிஷம் தவறாமல் நேரம் குறிப்பதும் நிழல் கணக்கைக் கொண்டுதான். கணக்குப் போடும்போது நிழல், நம்மிடம் சொல்லும்போது பாம்பு.

ஆதலால் உபாத்தியாயர்களுக்கு நாம் சொல்லுவதாவது: ஜூன் மாதத்திலிருந்தே இந்தப் பாடத்தை ஆரம்பியுங்கள். 2022-ல் தமிழ்நாட்டில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டம் மூன்றாம் வகுப்பு வரையில் வந்து, மறு வருஷம் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பாட்டும் விளையாட்டும் செய்கையுமாகக் கற்பிக்கவேண்டும் என்பதுதானே அதன் நோக்கம்? இதைவிடச் செய்கை எங்கே கிடைக்கும்? பிள்ளைகள் இரவுதோறும் சந்திரனைப் பார்த்து நோட்டில் வரைந்து வரட்டும். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரூபாய் நாணயத்தை நீட்டிப் பிடித்துத் தூரத்துத் தென்னை மரத்தின் மண்டையை மறைத்துப் பார்க்கட்டும். சூரியன் சந்திரனைவிடச் சுமார் 400 மடங்கு பெரியது, சுமார் 400 மடங்கு தூரத்திலும் இருக்கின்றது. அதனால்தான் சின்னது பெரியதை மறைக்கிறது என்பது அப்போது வாய்ப்பாடமாக அல்லாமல் கைப்பாடமாக விளங்கும். அமாவாசைதோறும் ஏன் கிரகணம் வரவில்லை என்று எந்தப் பிள்ளையாவது கேட்குமானால் அதற்குப் பரிசு கொடுக்கலாம். சந்திரனுடைய பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது என்பதை இரண்டு வளையல்களை வைத்துக் காட்டிவிடலாம்.

கண்ணைப்பற்றி மாத்திரம் விளையாட்டு கூடாது. கிரகணத்தில் புதிதாக விஷக் கதிர் ஒன்றும் இறங்குவதில்லை. என்றைக்கும் சூரியனை நேராகப் பார்த்தால் கண் கெடும். அன்றைக்கு வேடிக்கை பார்க்கும் ஆசையினால் அதிக நேரம் பார்க்கிறோம், அவ்வளவே. எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, சாணித் தண்ணீர் எதுவும் உதவாது. அதற்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். அது இல்லாவிட்டாலும் காசில்லாத வழி இருக்கிறது. ஒரு அட்டையில் ஊசியால் துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, 2 மீட்டர் தள்ளி வெள்ளைக் காகிதத்தில் வெளிச்சத்தை விழச் செய்தால் சுமார் 2 சென்டிமீட்டர் அளவில் கடிபட்ட சூரியன் தெரியும். சல்லடையைப் பிடித்தால் ஒன்றுக்கு நூறாகத் தெரியும். ஆகஸ்டு மாதமானதால் மேகம் மறைத்தாலும் மறைக்கலாம். மறைத்தால் மேகம் எங்கிருந்து வந்தது என்ற பாடத்தை நடத்துவதுதானே!

பெற்றோர் மனம் புண்படுமே என்று சில தலைமை உபாத்தியாயர்கள் இழுக்கக்கூடும். விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனுடைய கடமை என்று 1976-ஆம் வருஷத் திருத்தத்திலேயே அரசியல் சட்டத்தில் எழுதியாகிவிட்டது, பயப்படவேண்டிய அவசியமில்லை. அன்றியும் பெற்றோரை ஒதுக்கச் சொல்லுவது யார்? தாய்மார்களையும், முக்கியமாகக் கர்ப்பிணிகளையும், அன்று மாலை பள்ளிக்கூடத்துக்கே அழையுங்கள். சுண்டல் அவித்து வையுங்கள். பிள்ளைகளே அட்டையைப் பிடித்துத் தாய்மாருக்குக் காட்டட்டும். அட்டையும் ஊசியும் ஜூலை மாதக் கடைசிக்குள் வகுப்பில் இருக்கவேண்டும்; கண்ணாடி வாங்குவதாயிருந்தால் அதற்கும் முன்னதாகவே சொல்லி வைக்கவேண்டும்.