மாடு வருமுன் புல் வரட்டும்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கறவை மாடுதான். கொடுப்பவர்களுக்கும் அது இலகு; மாட்டையும் குடும்பத்தையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்துவிடலாம். நாளைக்கு அந்த மாடு எதைத் தின்னும் என்று கேட்பவர்கள் குறைவு. புல்லுக்கு வழியில்லாத வளவுக்கு மாடு இன்னுமொரு பசித்த வாய் என்பதே எமது கருத்து.

முன்பு வன்னியிலும் மட்டக்களப்பிலும் மாடுகள் காட்டோரத்திலும் குளக்கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் மேய்ந்து வயிறு நிரப்பின. இன்று மேய்ச்சல் தரை சுருங்கிவிட்டது. மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தமது மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் போராட்டம் தொடங்கியதை அறிவீர்கள். அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. ஆயினும் தீர்வு வரும்வரை மாடு பட்டினி கிடக்க முடியாது.

வைக்கோல் இருக்கிறதே என்பீர்கள். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது. பச்சை இலையிலிருந்து கிடைக்கும் விற்றமின் ஏ அதில் இல்லையென்றே சொல்லலாம். வயிறு நிறையும், மடி நிறையாது. மாடு சினைப்படுவது பிந்தும், கன்று மெலியும். இக்குறையைப் புண்ணாக்கினால் மட்டும் ஈடுசெய்யப் போனால் பால் விற்ற காசு கடைக்கே போய்ச் சேரும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் தீவன விலை ஏறியபோது பட்ட பாட்டை எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

வேலியைப் பாருங்கள். கிளிசறியா இலையின் உலர் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம் உண்டு. அதன் மணத்துக்குப் பழகாத மாடு முதலில் முகத்தைத் திருப்பும். வெட்டி ஓர் இரவு வாடவிட்டு, புல்லோடு கலந்து சிறிது சிறிதாகக் கொடுத்தால் பழகிவிடும். இப்பிலிப்பிலும் நல்லதே, ஆனால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம். அதிலுள்ள மைமோசின் என்னும் நச்சுப்பொருளால் மயிர் உதிரும். பனையோலையைக் கிழித்துப் போட்டு மாடு வளர்த்த யாழ்ப்பாணத்தாருக்கு மரத்துத் தீனி ஒன்றும் புதிதல்ல.

இனிப் புல். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கம்பையும் யானைப்புல்லையும் இணைத்து உருவாக்கிய சி.ஓ.3 இனம் எமது பகுதிகளிலும் நன்றாக வளர்கிறது. 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிலோ பச்சைத் தீனி வேண்டும். அதில் 20 கிலோவைப் புல்லாகவும் மீதியை வேலி இலையாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரு மூட்டில் வெட்டுக்கு 3 கிலோ என்று கணக்கிட்டால் நாளுக்கு ஏழு மூடு. 45 நாளுக்கொருமுறை வெட்டுவதானால் சுமார் 300 மூடு போதும். மூன்றடி இடைவெளியில் நட்டால் அது ஒரு பரப்புக் காணிக்குள் அடங்கும். கிணற்றடியில் வீணாக ஓடும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். சாணத்தைப் புல்லுக்கே திரும்பப் போடவேண்டும். இல்லாவிட்டால் சில வெட்டுகளிலேயே நிலம் களைத்துவிடும்.

பிறர் காணியில் இருப்பவர்கள், "எழும்பச் சொன்னால் நட்டது வீண்தானே" என்று தயங்குவது விளங்குகிறது. சி.ஓ.3 தண்டிலிருந்து முளைப்பது. இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளை ஈரச்சாக்கில் கட்டிக்கொண்டு புதிய இடத்தில் ஊன்றலாம். கிளிசறியாத் தடியும் அப்படியே. வேலி அடைத்துத் தருவதை எந்தக் காணிக்காரரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம் ஒரு கட்டுப் புல்லுக்காகப் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம்.

ஐப்பசி மழையோடு நட்டால் தை பிறக்கையில் முதல் வெட்டுக்கு வரும். ஆகவே மாட்டுக்குப் பெயர் கொடுப்பவர்கள், ஐப்பசியில் புல் தண்டையும் தை மாதத்துக்குப் பின் மாட்டையும் தரும்படி கேளுங்கள். கொடுக்கும் நிறுவனங்களும் மாட்டைக் கையளிக்குமுன் அந்த வளவுக்கு ஒருதரம் போய்ப் புல்லைப் பார்த்துவிட்டு வரட்டும்.