ஊர் பெயரில் ஒரு சேனல். அதில் ஊர் எங்கே? டொராண்டோ ‘சிட்டி டிவி’ சொல்லும் பாடம்

ஒரு டிவி சேனலை விற்கும்போது சரியா எதை விற்கிறார்கள்? லைசென்ஸ், டவர், கேமரா, பெயர். இதெல்லாம் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். அந்தச் சேனலைப் பார்த்து வளர்ந்த ஊருக்கும் அதுக்கும் உள்ள உறவு மட்டும் எந்தக் கணக்கிலும் வராது. கனடாவின் டொராண்டோ நகரில் 1972-ல் தொடங்கிய ‘சிட்டி டிவி’யின் கதை, அந்தக் கணக்கில் வராத பகுதியைப் பற்றியதுதான்.

டிவி பார்க்கிற பழக்கமே குறைந்துபோன காலத்தில் இது எதுக்கு என்று தோன்றலாம். இன்றைக்கு போனில் ஓடும் பல விஷயங்களை இந்தச் சேனல் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துபார்த்தது. அதனாலேயே அதன் சரிவும் கவனிக்க வேண்டியது.

தொடக்கம்: யாரும் எட்டிப் பார்க்காத 79-ம் நம்பர்

மோசஸ் ஸ்னைமர், ஃபிலிஸ் ஸ்விட்ஸர், ஜெர்ரி கிராஃப்ஸ்டீன், எட் கோவன் ஆகிய நால்வர் சேர்ந்து தொடங்கிய சேனல் இது. 1971 நவம்பரில், ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி லைசென்ஸ் கொடுத்தது. 1972 செப்டம்பர் 28-ல் ஒளிபரப்பு தொடங்கியது.

நல்ல இடங்களை எல்லாம் பெரிய சேனல்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டிருந்தன. புதுசா வந்தவர்களுக்குக் கிடைத்தது யுஹெச்எஃப் வரிசையில் 79-ம் எண். அதை எடுக்கத் தனி ஆன்டெனா வேண்டும், டியூனரைக் கடைசி வரை திருப்ப வேண்டும். அந்தப் பகுதி அலைவரிசை பின்னாளில் டிவியிடமிருந்து பிடுங்கப்பட்டு, மொபைல் தொடர்புக்கு ஒதுக்கப்பட்டது. 1983-ல் சிட்டி டிவி 57-ம் எண்ணுக்கு மாறியது.

குயின் தெருவின் கிழக்குப் பகுதியில், ‘எலெக்ட்ரிக் சர்க்கஸ்’ என்ற பழைய நைட் கிளப் இருந்த கட்டடம்தான் முதல் ஸ்டுடியோ. கையில் காசு கம்மி. அமெரிக்க ஹிட் சீரியல்களை ஏலத்தில் எடுக்கும் அளவுக்குப் பணமில்லை. அப்போ எதைக் காட்டுவது?

நிகழ்ச்சிகள்: படம், பாட்டு, செய்தி

முதல் விடை சினிமா. அதில் ஊரே பேசியது ‘பேபி ப்ளூ மூவீஸ்’. வெள்ளிக்கிழமை நள்ளிரவில் வந்த, பெரியவர்களுக்கான படங்கள். எதிர்ப்பு கிளம்பியது, சேனலின் பெயரும் சேர்ந்தே பரவியது. டேவிட் க்ரோனென்பெர்க் 1983-ல் எடுத்த ‘வீடியோட்ரோம்’ படத்தில் வரும் கற்பனைச் சேனலுக்கு இதுதான் முன்மாதிரி என்று சொல்வார்கள்.

ஆனால் சேனலை நிலைநிறுத்தியது 1977-ல் வந்த ‘சிட்டி பல்ஸ்’ செய்தி. அப்போது செய்தி என்றால் கோட்டு போட்ட ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பது. இவர்கள் மேசையைத் தூக்கிவிட்டார்கள். நிருபர்கள் ஓடியாடி வேலை செய்யும் நியூஸ்ரூமையே செட்டாகக் காட்டினார்கள். ஒரே ஆள் கேமராவும் பிடித்து செய்தியும் சொல்லும் ‘வீடியோகிராஃபர்’ முறையை வழக்கமாக்கினார்கள். செய்தியின் மையம் நாடாளுமன்றம் இல்லை. தெரு முனை, தீ விபத்து, போலீஸ், நகராட்சி.

முகங்களும் மாறின. கானாவில் பிறந்த ஜோஜோ சின்டோ போன்ற நிருபர்கள் திரையில் தினமும் வந்தார்கள். டொராண்டோ குடியேறிகளின் நகரமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் வந்து வாழத் தொடங்கியதும் இதே நகரத்தில்தான். ஊரில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் டிவியிலும் இருக்க வேண்டும் என்பது இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியலாம். 1970-களின் டிவியில் அது சாதாரணம் இல்லை.

1984-ல் இதே குடும்பத்திலிருந்து ‘மச்மியூசிக்’ என்ற பாட்டுச் சேனல் பிறந்தது. 1987-ல் எல்லாரும் 299, குயின் தெரு மேற்கு என்ற முகவரிக்கு மாறினார்கள். கட்டடம் முழுக்க கேபிள் இழுத்து, படிக்கட்டு, நடைபாதை, மொட்டை மாடி என்று எங்கிருந்து வேண்டுமானாலும் லைவ் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் தெரு. தெருவில் நிற்கிற ஆளும் நிகழ்ச்சியில் ஒரு பாத்திரம்.

ஒரு டாலர் போட்டால் டிவியில் பேசலாம்

அந்தக் கட்டடத்தின் மூலையில் இருந்த சின்ன வீடியோ பூத்தின் பெயர் ‘ஸ்பீக்கர்ஸ் கார்னர்’. ஒரு டாலர் நாணயத்தைப் போட்டால் கேமரா ஓடும். திட்டலாம், பாடலாம், காதலைச் சொல்லலாம், மேயரைக் கேள்வி கேட்கலாம். நல்லதைத் தேர்ந்து வாராவாரம் நிகழ்ச்சியாகப் போட்டார்கள். அந்தக் காசு தொண்டு அமைப்புகளுக்குப் போனது. ‘பேர்நேக்கட் லேடீஸ்’ இசைக்குழு பிரபலமாவதற்கு முன் அந்தப் பூத்துக்குள் நெருக்கியடித்து நின்று பாடியதை இன்றும் நினைவுகூர்வார்கள்.

யூடியூப் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னால் இது நடந்தது. ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. யூடியூபில் பேசினால் யாரிடம் போய்ச் சேரும் என்று அல்காரிதம் முடிவு செய்யும். அந்தப் பூத்தில் பேசினால், அதே ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

எங்கே திசை மாறியது?

தொடக்க ஆண்டுகளின் நஷ்டத்தைத் தாங்க வெளி முதலீடு வந்தது. 1981-க்குள் ‘சம்’ என்ற டொராண்டோ வானொலி நிறுவனத்தின் கைக்கு சேனல் முழுதாகப் போனது. ஸ்னைமர் 2003 வரை பொறுப்பில் இருந்தார். உரிமை கைமாறியும் சேனலின் குணம் மாறவில்லை. இதைக் குறித்துக்கொள்வது நல்லது. முதலாளி மாறினாலே சேனல் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட முடியாது.

மாற்றம் வேறு வழியில் வந்தது. 2002-ல் வான்கூவரில் ஒரு சேனலுக்கு ‘சிட்டி டிவி’ என்று பெயர் வைத்தார்கள். 2005-ல் வின்னிபெக், கல்கரி, எட்மன்டன் சேனல்களுக்கும் அதே பெயர். டொராண்டோவின் ஒரு தெருவிலிருந்து பிறந்த பெயர், நாடு முழுக்க ஒட்டும் லேபிள் ஆனது.

2006 ஜூலையில் சம் நிறுவனத்தை சுமார் 170 கோடி கனடிய டாலருக்கு வாங்குவதாக பெல் குளோப்மீடியா அறிவித்தது. அதே நாளில் சம் நிறுவனத்தில் சுமார் 280 பேருக்கு வேலை போனது. மேற்கு கனடா நகரங்களின் மாலைச் செய்திகள் நிறுத்தப்பட்டன.

அடுத்து ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. வாங்குகிற நிறுவனத்திடம் டொராண்டோவில் ஏற்கெனவே சிடிவி சேனல் இருக்கிறது. ஒரே ஊரில், ஒரே மொழியில் இரண்டு சேனல் ஒருவரிடம் இருக்கக் கூடாது. அதனால் சிட்டி டிவியை விற்றாக வேண்டும் என்று 2007 ஜூனில் சொன்னது. 37.5 கோடி டாலருக்கு ரோஜர்ஸ் வாங்கியது.

2010 ஜனவரியில் ரோஜர்ஸ் சுமார் 60 பேரை வேலையிலிருந்து நீக்கியது. மதியச் செய்தி, மாலை 5 மணிச் செய்தி, வார இறுதிச் செய்தி எல்லாம் போயின. சில நேரங்கள் பின்னர் திரும்பி வந்தாலும், பழைய இடத்துக்குச் சேனல் வரவில்லை. 2014-லிருந்து தேசிய ஹாக்கி ஒளிபரப்பு சேர்ந்தது. 1989-ல் டொராண்டோவுக்காகத் தொடங்கிய ‘பிரேக்ஃபாஸ்ட் டெலிவிஷன்’ காலை நிகழ்ச்சியின் மற்ற நகரப் பதிப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. டொராண்டோவில் தயாராவதே மற்ற ஊர்களுக்கும் போகிறது.

விதி காப்பாற்றியது எதை?

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். ஆணையம் தூங்கவில்லை. விதியைச் சரியாகவே பயன்படுத்தியது. சேனல் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போகாமல் தடுத்தது. ஆனால் அந்த விதி பார்த்தது உரிமையாளர் யார் என்பதை மட்டும். நியூஸ்ரூமில் எத்தனை பேர் என்பது அதன் கண்ணில் படவில்லை.

பெரிய நகரங்களின் சேனல்கள் வாரத்துக்கு 14 மணி நேரம் உள்ளூர் நிகழ்ச்சி காட்ட வேண்டும், அதில் 6 மணி நேரமாவது உள்ளூர்ச் செய்தி என்று ஆணையம் 2016-ல் கொள்கை வகுத்தது. நல்லதுதான். ஆனால் மணி நேரத்தை ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசியே நிரப்பிவிடலாம். தெருவில் எத்தனை நிருபர்கள் நிற்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

நிறுவனங்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. விளம்பரக் காசு இன்டர்நெட்டுக்குப் போய்விட்டது. அமெரிக்கத் தொடரை வாங்கினால் விலை தெரியும், விளம்பரம் நிச்சயம். நிருபரைத் தெருவுக்கு அனுப்பினால் தினமும் செலவு. எக்செல் ஷீட்டில் எது முதலில் வெட்டப்படும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த எக்செல் ஷீட் 1972-லும் இப்படித்தான் இருந்தது. அன்றைக்கு அமெரிக்கத் தொடர் வாங்கக் காசில்லாததால் ஊரைக் காட்டினார்கள். ஊர் வந்து பார்த்தது. உள்ளூர்ச் செய்தியைச் செலவாக மட்டும் பார்த்தால், சேனலுக்கு ஆள் சேர்த்ததே அதுதான் என்பது மறந்துபோகும்.

அதான் யூடியூப் இருக்கே?

இருக்கிறது. ஆனால் தனி ஆள் ஒரு வீடியோ போடுவதும், நகராட்சிக் கூட்டத்துக்கு மாதாமாதம் சம்பளத்துக்குப் போய் உட்காருகிற நிருபரும் ஒன்றில்லை. வைரல் ஆகாத கூட்டத்திலும் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த யோசனை செத்துவிடவும் இல்லை. டொராண்டோவின் பெயரையும் பாணியையும் உரிமம் பெற்று 1999-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய ‘சிட்டி டிவி’, ‘எல் தியெம்போ’ நாளிதழ் குழுமத்தின் சேனலாக, அந்த ஒரு நகரத்தை மையமாக வைத்தே ஓடுகிறது. மக்கள் பேசும் பூத் அங்கேயும் போனது.

ஆகவே சேனல் கைமாறும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘யார் வாங்குகிறார்கள்?’ என்பது இல்லை. ‘நாளைக்குக் காலையில் இந்த ஊரில் எத்தனை நிருபர்கள் வேலைக்கு வருவார்கள்?’ என்பதுதான். அந்த எண்ணிக்கையை விற்பனை ஒப்புதலிலேயே நிபந்தனையாக எழுதி, ஆண்டுதோறும் வெளியிட வைக்க வேண்டும். லைசென்ஸ் கொடுப்பது மக்களின் அலைவரிசையில். அதைக் கேட்கிற உரிமை மக்களுக்கு உண்டு.