ஓய்வுக்கால விசாவும் சித்தப்பாவோட எட்டு லட்சமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு. ஆணி அதிகம்னு சாக்கு சொல்லிக்கிட்டிருந்தேன். போன வாரம் நண்பர் ஒருத்தர் கூப்பிட்டு, "மாமனாருக்கு தாய்லாந்து ரிட்டையர்மென்ட் விசா போடலாம்னு இருக்கோம். ஹெல்த் இன்ஷூரன்ஸ் கட்டாயமாமே, நல்ல விஷயம்தானே?"ன்னு கேட்டார். அந்த "நல்ல விஷயம்தானே"தான் என்னை விசைப்பலகை முன்னாடி உட்கார வச்சது.

நல்ல விஷயம் இல்லைங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் பாங்காக்கில் பொட்டி தட்டிக்கிட்டிருந்தப்போ என் சித்தப்பா எங்களோட வந்து இருந்தார். மதுரையில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு வாங்கினவர். சித்தி போய்ச் சேர்ந்துட்டாங்க, பிள்ளைங்க இல்லை. என்னைப் படிக்க வச்சது அவர்தான். ஆனா விசா விதிக்கு அதெல்லாம் தெரியாது. அப்பான்னா என்னைச் சார்ந்தவர்னு காட்டி கூட்டிட்டு வந்திருக்கலாம். சித்தப்பாவுக்கு அந்த வழி இல்லை. அதனால 50 வயசு தாண்டினவங்களுக்கான ஓ-ஏ விசா. சென்னையில் போட்டு 2018 ஜனவரியில் வந்தார். காலையில் நடை, சாயங்காலம் சீலோம் மாரியம்மன் கோயில், ராத்திரி என் பையனுக்குக் கணக்கு. சந்தோஷமா இருந்தார்.

2019 அக்டோபர் 31-ல் புது விதி வந்தது. ஓ-ஏ விசாவில் இருக்கிறவர் உள்நோயாளியா சேர்ந்தா 4 லட்சம் பாட், வெளிநோயாளியா போனா 40 ஆயிரம் பாட் வரைக்கும் காப்பீடு காட்டணும். அதுவும் அங்கீகரிச்ச பட்டியலில் இருக்கிற தாய்லாந்து கம்பெனிகிட்ட எடுத்த பாலிசி. சித்தப்பா இந்தியாவுல வருஷக்கணக்கா கட்டிக்கிட்டிருந்த மெடிக்ளெய்ம் செல்லாது. (அது இந்தியாவுக்குள்ள பார்க்கிற வைத்தியத்துக்குத்தான், அதைக் குறை சொல்ல முடியாது.)

இவருக்கு 69 வயசு. இருபது வருஷ சர்க்கரை. 2014-ல் நெஞ்சில் ஸ்டென்ட். முதல் கம்பெனி ஃபாரத்தைப் பார்த்துட்டு கும்பிடு போட்டு அனுப்பிடுச்சு. ரெண்டாவது கம்பெனி தர்றேன்னுச்சு. ஆனா இதயம் சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது, சர்க்கரையும் அதனால வர்ற எதுவும் கிடையாது. பிரீமியம் மட்டும் குறையவே குறையாது, ஏறக்குறைய 50 ஆயிரம் பாட். சித்தப்பா அந்த விலக்குப் பட்டியலை மூக்குக்கண்ணாடி போட்டு முழுசாப் படிச்சார். "ஏப்பா, அப்ப கால் ஒடிஞ்சா மட்டும்தான் காசு தருவான் போல"ன்னார்.

வாங்கினோம். ஏன்னா குடிவரவு அலுவலகத்துக்குத் தேவை பாலிசி இருக்குன்னு ஒரு சான்றிதழ். அதுல எதுக்குப் பணம் வராதுன்னு யாரும் கேட்கலை. 2020 ஜனவரியில் முத்திரை விழுந்தது.

இந்த விசா நீட்டிப்புக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருக்கணும், இல்லேன்னா மாசம் 65 ஆயிரம் பாட் வருமானம் காட்டணும். இந்திய வங்கி பென்ஷன் அந்த 65 ஆயிரத்தை எட்டாது. அதனால சித்தப்பா ஓய்வுப் பணத்துல பெரும்பகுதியை இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார். அன்னிக்கு மதிப்புக்கு சுமார் 18 லட்சம் ரூபாய். 2019 மார்ச்சிலிருந்து அதுக்கும் பூட்டு போட்டாங்க. நீட்டிப்புக்கு முன்னாடி ரெண்டு மாசம், பின்னாடி மூணு மாசம் அந்த 8 லட்சத்தைத் தொடக்கூடாது. மிச்ச மாசங்கள்லயும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினா அடுத்த வருஷ நீட்டிப்பு கிடையாது.

மார்ச் 2020-ல் ஒருநாள் விடிகாலை சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி.

தனியார் மருத்துவமனை. முன்பணம் கேட்டாங்க. பாலிசியை நீட்டினேன். வரவேற்பில் இருந்த பொண்ணு கம்பெனிக்குப் பேசிட்டு ரொம்ப மரியாதையா கை கூப்பி திருப்பிக் கொடுத்தாங்க. விலக்குப் பட்டியலில் முதல் வரியே அதுதானே. மொத்த பில் 3 லட்சத்து 10 ஆயிரம் பாட். கவனிங்க, விதி கேட்ட 4 லட்சத்துக்கு உள்ளேயேதான் பில். சித்தப்பா கணக்குல 8 லட்சம் சும்மா தூங்குது. எடுத்தா விசா போயிடும். எடுக்கலைன்னா பில் கட்ட வழியில்லை. கடைசியில் என் கிரெடிட் கார்டைத் தேய்ச்சு, மீதிக்கு மதுரையில் அத்தை நகையை வச்சு அனுப்பினாங்க. அடுத்த சில நாள்ல இந்தியாவுக்கான விமானமெல்லாம் நின்னுபோச்சு. பணம் ஒரு வாரம் பிந்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் யோசிக்கிறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு.

இப்ப சொல்லுங்க மக்களே. பில்லைக் கட்டக்கூடிய பணத்தை அரசாங்கமே பூட்டி வைக்குது. பில்லைக் கட்டாத காகிதத்தை அரசாங்கமே வாங்கச் சொல்லுது. இந்த ரெண்டு விதியையும் ஒரே ஃபைல்ல வச்சு முத்திரை குத்துறவங்களுக்கு ஒருநாள்கூட சந்தேகம் வரலையா?

உடனே யாராவது வருவீங்கன்னு தெரியும், "வெளிநாட்டுக் கிழவனுங்க பில் கட்டாம ஓடினா அந்த ஊர் ஏழை வரிப்பணம்தானே போகும்"னு. நியாயமான கேள்வி. கட்டாத பில் அங்கே உண்மையான பிரச்சினைதான், புக்கெட் மாதிரி ஊர்ல அரசு மருத்துவமனை நடத்துறவங்க படுற பாடு எனக்குத் தெரியும். அதை நான் மறுக்கலை. ஆனா அதுதான் நோக்கம்னா பைக்கை வாடகைக்கு எடுத்து விழுந்து எழும்புற சுற்றுலாப் பயணிகிட்டல்ல முதல்ல கேட்கணும்? கொரோனா காலத்துல கேட்டாங்க. 2022 ஜூலையில் அந்த 'தாய்லாந்து பாஸ்' முறையை எடுத்தப்போ அதையும் எடுத்துட்டாங்க. கிழவருங்ககிட்ட மட்டும் எடுக்கலை.

இன்னொரு கூத்து. இதே ஓய்வுக்காக இன்னொரு எழுத்துல ஒரு விசா இருக்கு, நான்-ஓன்னு பேர். (இந்த 'நான்' நான் இல்லை.) உள்ளே வந்து அதே 8 லட்சத்தைக் காட்டி வருஷா வருஷம் நீட்டிக்கலாம். காப்பீடு வேண்டாம்! அதே வயசு, அதே சர்க்கரை, அதே ஸ்டென்ட். பில் கட்டாம ஓடுற பயம் அந்த ஆள்கிட்ட மட்டும் எப்படி இல்லாமப் போச்சு? ஏஜென்ட்டுங்க எல்லாருக்கும் இந்தச் சந்து தெரியும். நான் சித்தப்பாகிட்ட சொன்னேன், ஒருதடவை ஊருக்குப் போயிட்டு வந்து அப்படி மாத்திக்கலாம்னு. "எழுத்து மாறினா என் நோய் மாறிடுமா? நான் என்ன திருட்டுத்தனமாவா இருக்கேன், சந்து வழியா வர்றதுக்கு"ன்னு முடிச்சுட்டார். வங்கிக்காரர் புத்தி.

பணக்காரங்களுக்கு வேற கதை. 2022 செப்டம்பரில் வந்த எல்.டி.ஆர். பத்து வருஷ விசாவில் வசதியான ஓய்வூதியர்னு ஒரு பிரிவு. வருஷத்துக்கு 80 ஆயிரம் டாலர் வருமானம், முதலீடு போட்டா அதில் பாதி போதும். அவங்களுக்கும் 50 ஆயிரம் டாலர் காப்பீடுன்னு நிபந்தனை இருக்கு. ஆனா கூடவே ஒரு 'அல்லது'. காப்பீடு இல்லையா, வங்கியில் 1 லட்சம் டாலர் இருப்பு காட்டு, போதும். அதாவது இருப்புப் பணமும் மருத்துவச் செலவுக்கு உத்தரவாதம்தான்னு அரசாங்கத்துக்கே தெரியுது! அப்ப சித்தப்பா போட்டுவச்ச 8 லட்சம் எதுக்கு உத்தரவாதம்? அதுல பாதியை மருத்துவத்துக்குன்னே ஒதுக்கிவச்சு, ஆபத்துன்னா மருத்துவமனைக்கு நேரா போற மாதிரி செஞ்சிருந்தா 4 லட்சம் ஆச்சே. கரெக்டா அவங்க கேட்ட தொகை.

எனக்கு ஆத்திரம் வர்றது இங்கேதான். காப்பீடு என்னன்னே தெரியாத நாடு இல்லை அது. 2002-லேயே '30 பாட் திட்டம்' கொண்டுவந்து, நோயாளியைத் தனியார் கம்பெனி தயவுல விடக்கூடாதுன்னு தன் குடிமக்களுக்கு செஞ்சு காட்டின நாடு. பர்மா, கம்போடியா, லாவோஸிலிருந்து வேலைக்கு வர்றவங்களுக்கு சுகாதார அமைச்சே அட்டை விக்குது. 2014-ல் வருஷத்துக்கு 1,600 பாட். 2013-ல் கொஞ்ச நாள் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரங்களும் அந்த மாதிரி அட்டையை சில அரசு மருத்துவமனைகள்ல வாங்கினாங்க. அப்புறம் கதவை மூடிட்டாங்க. கிழவருங்களுக்கு 1,600 பாட் கட்டுபடியாகாது, ஒத்துக்கறேன். பத்து மடங்கு, இருபது மடங்கு வாங்கட்டும். சித்தப்பா கொடுத்திருப்பார். அந்த 50 ஆயிரம் பாட் அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தா அவங்க கட்டாத பில்லுக்காவது ஆகியிருக்கும். போனது எங்கேன்னு உங்களுக்கே தெரியும்.

பக்கத்து மலேசியாவோட எம்.எம்.2.ஹெச். திட்டத்திலும் மருத்துவக் காப்பீடு கேட்டாங்க. ஆனா வயசாலோ நோயாலோ கிடைக்காதவங்களுக்கு விலக்கு உண்டுன்னு எழுதி வச்சிருந்தாங்க. ஒரே ஒரு வரி. (அந்தத் திட்டத்துல பணம் எவ்வளவு கேக்குறாங்கன்னு மட்டும் கேட்காதீங்க, அது தனிப் பதிவு :-) )

தாய்லாந்து எதிர்த்திசையில் போச்சு. 2021 அக்டோபரில் புதுசா ஓ-ஏ கேட்கிறவங்களுக்கு காப்பீட்டுத் தொகை 30 லட்சம் பாட், அதாவது 1 லட்சம் டாலர் ஆச்சு. நீட்டிப்புக்கும் வரும்னு பேச்சு. 4 லட்சத்துக்கே நெஞ்சை விலக்கினவன் 30 லட்சத்துக்கு எதை மிச்சம் வைப்பான்? சித்தப்பா விலைகூட கேட்கலை. 2022-ல் மூட்டை கட்டிட்டார். விமான நிலையத்துல என் பையன் அவர் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை.

இப்ப மதுரையில் தனியா இருக்கார். அத்தை வீடு ரெண்டு தெரு தள்ளி. வாரத்துல மூணு நாள் பையனுக்கு வீடியோவில் கணக்கு நடக்குது.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: மாமனாருக்கு பாலிசி எடுக்கிறதுக்கு முன்னாடி, எதுக்கெல்லாம் பணம் வராதுங்கிற பக்கத்தை எழுத்துல வாங்குங்க, பிரீமியம் கட்டின பிறகு இல்லை. அதை அவரோட டாக்டர்கிட்ட காட்டுங்க. விசா கணக்குல இருக்கிற பணத்தை ஆஸ்பத்திரிக்கு ஆகும்னு நினைச்சுக்காதீங்க, அதுக்குன்னு தனியா வேற கணக்குல வைங்க. அவர், "அப்ப இன்ஷூரன்ஸ் எதுக்கு?"ன்னு கேட்டார்.