இன்ஜின் நின்றது... விமானம் விழவில்லை!

பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் இன்ஜின் திடீரென நின்றுவிட்டால் என்ன ஆகும்? 'கல் மாதிரி தொபுக்கடீர் என்று விழும்' என்றுதானே நினைக்கிறீர்கள் குட்டி நண்பர்களே? அப்படி இல்லை!

2015 மார்ச் 5. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒட்டிய சான்டா மோனிகா விமான நிலையம். 'ஸ்டார் வார்ஸ்', 'இண்டியானா ஜோன்ஸ்' படங்களின் நாயகன் ஹாரிசன் ஃபோர்டு, தன் குட்டி விமானத்தில் தனியாகக் கிளம்பினார். 'ரயான் பி.டி.-22' என்ற அந்த விமானமும் அவரும் 1942-இல் பிறந்தவர்கள்! இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானிகள் இந்த ரக விமானத்தில்தான் ஓட்டிப் பழகினார்கள். மேலே கூரை கிடையாது. முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கைகள்.

சுமார் 1,100 அடி உயரம் போனதும் இன்ஜின் சக்தி இழந்தது. 'உடனே திரும்பி வருகிறேன்' என்று ரேடியோவில் சொல்லிவிட்டு விமானத்தைத் திருப்பினார்.

சைக்கிளில் இறக்கத்தில் போகும்போது மிதிக்காமலே ஓடுகிறதல்லவா? விமானமும் அப்படித்தான். மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால் வேகம் குறையாது. வேகம் இருக்கும்வரை இறக்கைகள் தாங்கும். அதற்கு விலை, உயரம். ஒவ்வொரு விநாடியும் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். 'ஐயோ, இறங்குகிறதே' என்று பயந்து மூக்கைத் தூக்கினால் வேகம் போய்விடும். அப்போதுதான் நிஜமாகவே விழும்!

ஓடுபாதை வரை போக உயரம் போதவில்லை. சுற்றிலும் வீடுகள். பக்கத்திலேயே பென்மார் கோல்ஃப் மைதானம். ஒரு மரத்தின் உச்சியில் மோதி, அந்தப் புல்வெளியில் விழுந்து நின்றது விமானம். அவருக்கு இடுப்பு எலும்பும் கணுக்காலும் முறிந்தன, தலையிலும் காயம். தரையில் இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சரி, இன்ஜின் ஏன் நின்றது? அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தது. குற்றவாளி, கார்புரேட்டருக்குள் இருந்த 'ஜெட்' என்ற சின்னஞ்சிறு பாகம். பெட்ரோலை அளந்து விடுவது அதன் வேலை. பழைய மோட்டார் சைக்கிள்களிலும் ஜெட் உண்டு; மெக்கானிக் மாமாவைக் கேட்டால் காட்டுவார். விமானத்தில் அது மெல்ல மெல்லக் கழன்று, பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்துவிட்டது. அடுப்பில் விறகைத் திணித்தால் எரியாமல் புகையுமே, அந்தக் கதைதான்.

பராமரிப்பில் அலட்சியமா? விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அந்த ஜெட்டை அவ்வப்போது பார்த்து இறுக்க வேண்டும் என்று பராமரிப்புக் குறிப்புகளில் எதுவும் இல்லை! இன்னொன்றும் தெரிந்தது. தோள்பட்டை பெல்ட் சரியாகப் பொருத்தப்படவில்லை. காயம் அதிகமாக அதுவும் ஒரு காரணம். போர்க்கால விமானங்களை இப்போதும் ஆசையாகப் பறக்க விடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு உண்மையான தலைவலி இதுதான்: புத்தகத்தில் இல்லாததையும் தேடிப் பார்க்க வேண்டும்.

வீடுகளுக்கு நடுவே விமான நிலையம் எதற்கு என்று சான்டா மோனிகா மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தார்கள். இந்த விபத்துக்குப் பிறகு அந்தக் குரல் இன்னும் உரத்தது. 2017-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி 2028 முடிந்ததும் நிலையத்தை நகராட்சி மூடலாம்.