ஓக்லாந்துப் பரீட்சை மண்டபத்தில் எழுத்தாகாத குரல்கள்

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாட்டை நியூசிலாந்துக் கல்வி அமைச்சு முறைப்படி ஏற்றுக்கொண்டது 2007 ஏப்ரலிலேயே ஆகும். அதுவரை சோம்பேறிகள் என்று பட்டம் சூட்டப்பட்ட பிள்ளைகளுக்கு இன்று வாசிப்பவர், எழுதுபவர், கணினி, தனியறை முதலிய விசேட பரீட்சை ஒழுங்குகள் உண்டு. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்.

ஆயின், அவ்வுரிமையை அனுபவித்தவர் யாவர்? தனியார் உளவியலாளரின் மதிப்பீட்டறிக்கைக்குப் பணம் செலுத்த வல்ல பெற்றோரின் பிள்ளைகளே பெரும்பாலும் பயனடைந்தனர் என்பது கடந்த தசாப்தத்தின் தொடக்கத்தில் பகிரங்கமாகவே பேசப்பட்டது. வசதிமிக்க பாடசாலைகள் விண்ணப்பங்களைக் குவித்தன. தென் ஓக்லாந்தின் வறிய பாடசாலைகளோ பின்தங்கி நின்றன.

இப்போது மனித எழுத்தரின் இடத்தைப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் நிரப்பிவிடும் என்கின்றனர். செலவு குறையும் என்பது உண்மையே. ஆனால் அம்மென்பொருள் எவருடைய வாயைக் கேட்டு வளர்ந்தது? ஐந்து பெருநிறுவனங்களின் கருவிகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2020இல் வெளியானது. வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்களைப் பிழையாக்கிய கருவிகள், கறுப்பினத்தவர் பேச்சில் 35 சொற்களைப் பிழையாக்கின. அவர்களோ ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள்!

யாழ்ப்பாணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ அண்மையில் வந்த பிள்ளை மூச்சொலியின்றி உச்சரிக்கும் 'பார்க்' என்ற சொல், நாய் குரைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகப் பதிவாகக்கூடும். ஓக்லாந்திலேயே பிறந்த பிள்ளைக்கும் விடுதலையில்லை. நியூசிலாந்தர் பலரின் நாவில் கரடியும் பியரும் ஒரே ஒலியாகிவிடுகின்றன. கூர்மையாக வாசிக்கவல்லவன் திரையைப் பார்த்துத் திருத்திக்கொள்வான். வாசிக்க இடர்ப்படுவதனாலேயே இக்கருவியை நாடிய பிள்ளை அப்பிழையை எவ்வாறு கண்டுபிடிக்கும்? பிழை இயந்திரத்தினுடையது, இழக்கப்படும் புள்ளியோ பிள்ளையினுடையது. தமிழ்ப் பிள்ளையின் குரலிலும் சோதித்துப் பார்க்காத கருவியை மனித எழுத்தருக்கு மாற்றீடாகத் திணிப்பது அநீதியாகும்.

அதிகாரிகளை மட்டும் குறைகூறித் தப்பிவிடவும் முடியாது. பிள்ளையின் இடர்ப்பாட்டை 'ஊரார் அறிந்தால் வெட்கம்' என்று மூடிமறைக்கும் தமிழ் வீடுகள் எத்தனை! விண்ணப்பிக்க வேண்டியது பாடசாலை. ஆனால் பெற்றோர் வாய்திறந்து கேட்காதவரை பல பாடசாலைகள் அசைவதில்லை.

இதே நாட்டின் வடமுனையில், கைத்தாயா என்ற சிற்றூரில் இயங்கும் தே ஹிக்கு என்ற மாவோரி ஊடக நிறுவனத்தைப் பார்க்கட்டும். 2018இல் அந்நிறுவனம் மக்களை அழைத்துப் பத்தே நாட்களில் 300 மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட மாவோரிப் பேச்சைத் திரட்டியது. அதனைக் கொண்டு தன் மொழியைக் கேட்டு எழுதும் கருவியைத் தானே உருவாக்கியது. அக்குரல்களை அந்நிய நிறுவனங்களுக்கு விற்கவும் மறுத்தது.

தமிழ்ப் பள்ளிகளிலோ ஆண்டுதோறும் பேச்சுப்போட்டி நடக்கின்றது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மேடையேறுகின்றனர், பெற்றோர் கைத்தொலைபேசியில் பதிவு செய்கின்றனர். கிண்ணமும் சான்றிதழும் அலுமாரிக்குச் செல்கின்றன. அக்குரல்களை ஓரிடத்தில் முறையாகச் சேகரித்து வைக்க வேண்டும் என்ற தீர்மானம் மட்டும் எந்தப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் காணப்படுவதில்லை.